ஜூன் மாதத்தில் நிற்கும் இதழ்

இதழின் இணையதளத்துக்குள் நுழைய ஓர் ஓடிபி வேண்டியிருந்தது. அது போய்ச் சேரும் கைப்பேசி எண், இரண்டு வருடம் முன்பு படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்ட ஒரு மாணவருடையது. போன ஊரில் அவர் புது சிம் வாங்கிக்கொண்டார். பழைய எண் எப்படியோ ஒசூர்ப் பக்கம் ஒரு பால் வியாபாரியின் கைக்கு வந்திருந்தது. நல்ல மனிதர். மூன்று முறை போன் செய்து விளக்கிய பிறகு, "இதைச் சொன்னா என் அக்கவுன்ட்ல இருந்து பணம் போயிடாதே தம்பி?" என்று ஒரு தடவை உறுதி கேட்டுக்கொண்டு ஆறு இலக்கத்தையும் நிதானமாகப் படித்துச் சொன்னார். ஓர் ஆய்விதழின் அடுத்த வெளியீடு அன்றைக்கு அவர் தயவில் நடந்தது.

மாணவர்கள் சம்பளமில்லாமல் நடத்தும் ஆய்விதழ்கள் ஏன் நின்றுபோகின்றன என்று கேட்டால், பணமில்லை, கட்டுரை வருவதில்லை என்றுதான் பதில் வரும். பெங்களூருவில் நூலக அறிவியல் படித்த, தமிழ் பேசுகிற ஏழெட்டுப் பேர் நடத்தும் ஒரு சின்ன இதழில் முதலில் ஆசிரியராக இருந்தேன். இப்போது ஓரமாக உட்கார்ந்து யோசனை சொல்கிறேன். நான் பார்த்த வரையில் கட்டுரை வந்துகொண்டுதான் இருக்கும், பணமும் பெரிதாகத் தேவைப்படாது. இதழ் நிற்பது ஜூனில். தேர்வு முடிந்து குழுவில் பாதிப் பேர் ஹாஸ்டலைக் காலி செய்யும்போது இதழின் ஞாபகமும் அவர்களோடு பஸ் ஏறிவிடுகிறது. நம் ஊரில் பி.லிப். ஒரு வருடம், எம்.லிப். ஒரு வருடம்; சில இடங்களில் இரண்டையும் சேர்த்து இரண்டு வருடப் படிப்பு. ஒருவர் வந்து வேலை பிடிபட ஆறு மாதம். அப்புறம் ஒரு வருடம் ஓடுவார். அதோடு சரி.

மாணவர்கள் ஆய்விதழ் நடத்துவது ஒன்றும் விசித்திரம் அல்ல. சட்டத் துறையில் அதுதான் வழக்கம். ஹார்வர்ட் சட்டப் பள்ளியின் இதழ் 1887இல் தொடங்கியது முதல் மாணவர்கள் கையில்தான் இருக்கிறது. இங்கேயே நாகரபாவியில் தேசிய சட்டப் பள்ளியின் இதழை மாணவர்களே தேர்ந்து, திருத்தி வெளியிடுகிறார்கள். மூத்த வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் அதில் எழுதுகிறார்கள், மாணவன் திருத்தினான் என்று யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. அந்த வளாகத்துக்குப் பக்கத்திலேயே ஞானபாரதியில் பெங்களூரு பல்கலைக்கழகம் இருக்கிறது, நூலக அறிவியல் துறையோடு. இரண்டுக்கும் நடுவே நடக்கிற தூரம்தான். பழக்கத்தில் மட்டும் இடைவெளி நூறு வருடம்.

நூலகத் துறையிலும் முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் நூலகப் பள்ளி மாணவர்கள் நடத்தும் ஆய்விதழின் முதல் வெளியீடு 2011இல் வந்தது. அந்தப் பள்ளியின் படிப்பு முழுக்க இணையவழி. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காமலே படிப்பை முடித்துவிடலாம். நேரில் பார்க்காதவர்கள் எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்தாக வேண்டும் என்பது என் ஊகம். வாரா வாரம் அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு தர்ஷினியில் பை-டூ காபியை வைத்துக்கொண்டு வாயாலேயே எல்லாவற்றையும் முடிவு செய்த எங்களுக்குத்தான் ஒரு காகிதமும் மிஞ்சவில்லை.

இந்த ஊருக்கு இந்தத் துறையில் ஒரு தனி உரிமை உண்டு. சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் தன் கடைசிக் காலத்தைக் கழித்தது பெங்களூருவில்தான். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் 1962இல் அவர் தொடங்கிய டிஆர்டிசி என்ற ஆவணப் பயிற்சி மையம் இன்றும் மைசூரு சாலையில் இயங்குகிறது. 1964இல் அங்கிருந்து ஒரு காலாண்டிதழும் வரத் தொடங்கியது. அது மாணவர் இதழ் அல்ல. ஆனாலும் ஒரு துறையை உருவாக்க வகுப்பறை மட்டும் போதாது, கூடவே ஓர் இதழும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1972இல் பெங்களூருவிலேயே காலமானார்.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

எங்களுக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே சாதி: 'இன்ன கல்லூரி நூலகத்தில் மின் வளங்களின் பயன்பாடு, ஓர் ஆய்வு.' கேள்வித்தாள் கொடுத்து, திரும்பி வந்ததை எண்ணி, சதவீதம் போட்டு, பத்து அட்டவணை. இந்த வகையைக் கிண்டல் செய்வது சுலபம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஒரு மாணவ ஆசிரியர் தொழில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல களம் கிடையாது. ஒரு கட்டுரையில் 120 படிவம் கொடுத்து 104 திரும்பி வந்ததாக எழுதியிருந்தது. நான்காவது அட்டவணையில் ஆண்கள் 61, பெண்கள் 45. கூட்டிப் பார்த்த பெண், முதல் வருட மாணவி, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணா, 106 வருதே? ரெண்டு பேரு எங்கேருந்து முளைச்சாங்க?" கட்டுரையாளருக்கு எழுதினோம். பத்து நாள் கழித்து அவர் படிவங்களை மறுபடி எடுத்து எண்ணியதாகப் பதில் போட்டார். கணினியில் ஏற்றியவர் இரண்டு படிவங்களை இரண்டு முறை ஏற்றிவிட்டாராம். ஒன்பது அட்டவணைகள் மாறின. முடிவுரையில் ஒரு வரியும் மாறியது. பெயர் பெற்ற மதிப்பாய்வாளர் யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார், ஏனென்றால் அவர் கூட்டிப் பார்க்க மாட்டார். முதல் வருட மாணவி பார்ப்பாள். மாணவர் இதழின் பலம் இந்த இடத்தில் இருக்கிறது.

பலவீனம் அடுத்த படியில். கட்டுரை சரியாகக் கூட்டப்பட்டிருக்கிறது, சரி; அது புதிதாக ஏதாவது சொல்கிறதா? இதற்குத் துறையில் இருபது வருடம் வாசித்தவர் வேண்டும். அதனால்தான் வெளியே ரிவ்யூவர்களைத் தேடிப் போகிறோம். எங்கள் அனுபவத்தில் எட்டுப் பேருக்கு எழுதினால் மூன்று பேர் பதில் போடுவார்கள், ஒருவர் சொன்ன தேதியில் அனுப்புவார். அந்த ஒருவருக்கே அடுத்த கட்டுரையையும் அனுப்பி, அவரையும் மூன்று மாதத்தில் களைப்படைய வைப்பது புதிதாக வரும் ஆசிரியர் எல்லாரும் செய்கிற தவறு. யாருக்கு எப்போது அனுப்பினோம் என்ற பட்டியல் இல்லாவிட்டால் இது நடந்தே தீரும்.

கட்டுரையாளர் யாரென்று ரிவ்யூவருக்குத் தெரியாதபடி பெயர் மறைத்து அனுப்புவது என்பதும் சொல்வதற்குத்தான் எளிது. முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால், வேர்ட் கோப்பின் பண்புகளில் கட்டுரையாளர் பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கும். நம் ஊரில் அங்கேயும் ஒரு வேடிக்கை. பல கோப்புகளில் அந்த இடத்தில் இருப்பது டைப் அடித்துக் கொடுத்த டிடிபி கடையின் பெயர். 'நான் முன்பு எழுதிய கட்டுரையில் காட்டியது போல' என்று நடுவில் ஒரு வாக்கியம் வந்து குட்டை உடைப்பதும் உண்டு.

இதையெல்லாம்விடக் கடினமானது மரியாதை. நம் கல்விக்கூடங்களில் ஒரு மாணவி, முப்பது வருடம் சர்வீஸ் உள்ள நூலகரின் கட்டுரையைத் திருப்பி அனுப்புவது லேசான காரியம் அல்ல. ஒரு தடவை அப்படி ஒருவர் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். "ஏம்மா, நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் கேட்டலாக் போட்டவன். என் பேப்பரை நீ திருத்துவியா? உங்க கைடு யாரு?" அவள் பதறவில்லை. "சார், நான் திருத்தலை சார். ரெண்டு ரிவ்யூவர் எழுதினதை உங்களுக்கு அனுப்பியிருக்கேன். உங்களுக்கு உடன்பாடு இல்லாத இடத்துல ஏன்னு எழுதுங்க, அவங்களுக்கே அனுப்பறேன்." அவர் எழுதினார். ஐந்து ஆட்சேபங்களில் இரண்டு அவர் பக்கம் நியாயமாக இருந்தது, கட்டுரையும் வந்தது. அவள் போனில் சொன்ன பதிலை நான் வார்த்தை மாறாமல் எழுதி வைத்துக்கொண்டேன். இன்று புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கொடுப்பது அதைத்தான்.

வெளியார் ஓர் இதழை நம்ப வேண்டுமென்றால் அதற்குச் சில விதிகளும் உண்டு. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2003இல் தொடங்கிய டிஓஏஜே என்ற அட்டவணை, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்தநிலை இதழ்களுக்கானது, மாணவர்கள் நடத்தும் இதழ்களைச் சேர்க்கத் தனி விதி வைத்திருக்கிறது: ஆலோசனைக் குழு ஒன்று இருக்க வேண்டும், அதில் இரண்டு பேராவது முனைவர் பட்டம் அல்லது அதற்குச் சமமான தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். ஆசிரியர் குழுவிலோ மதிப்பாய்விலோ இருப்பவர்களின் கட்டுரைகள் ஒரு வெளியீட்டில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது எல்லா இதழ்களுக்கும் பொது விதி. கேட்க எளிமையாக இருக்கும் இந்த இரண்டாவது விதிதான் மாணவர் இதழ்களின் கழுத்தைப் பிடிக்கும். கட்டுரை போதாத வருடத்தில் கைக்குக் கிடைப்பது பக்கத்து பெஞ்சுக்காரரின் செமினார் பேப்பர்தான். எங்கள் மூன்றாவது வெளியீட்டில் ஆறு கட்டுரை. மூன்று நாங்களே எழுதியது. அதை இப்போது எடுத்துப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

கட்டுரை அனுப்புகிறவர் கேட்கும் முதல் கேள்வி வேறு. "யுஜிசி கேர்ல இருக்கா?" கேர் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வைத்திருந்த, ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியல். பின்னணி இதுதான். பதவி உயர்வுக்கும் பிஎச்டிக்கும் கட்டுரை எண்ணிக்கை தேவைப்பட்டதும், காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற இதழ்கள் புற்றீசல் போல் கிளம்பின. இவற்றுக்கு வேட்டை இதழ்கள் என்ற பெயர் வரக் காரணமானவர் ஜெஃப்ரி பீல், அமெரிக்காவில் ஒரு நூலகர். அவர் தொகுத்துவந்த பட்டியல் 2017 ஜனவரியில் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. யுஜிசி 2018 மே மாதம் தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே நாளில் நீக்கியது. அடுத்த வருடம் கேர் பட்டியல் வந்தது. 2022 விதிமுறைகளில் பிஎச்டிக்குக் கட்டாயக் கட்டுரை என்பது போனது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையே நிறுத்திவிட்டு, இதழ்களை எடைபோடச் சில அளவுகோல்களை மட்டும் கொடுத்து, பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டார்கள். ஆனாலும் கேள்வி நிற்கவில்லை, பழக்க தோஷம். 'இல்லை' என்று பதில் போட்டால் பாதிப் பேர் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. மீதிப் பாதிதான் திருத்தினால் கோபப்படாதவர்கள்.

ஐஎஸ்எஸ்என் என்ற, இதழ்களுக்குக் கொடுக்கும் எட்டு இலக்க அடையாள எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஏதோ ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி நினைப்பவர்கள் உண்டு. வாகனத்துக்கு நம்பர் பிளேட் எப்படியோ அப்படித்தான் இதழுக்கு இது. ஓட்டுநர் எப்படி ஓட்டுவார் என்று அது சொல்லாது. இந்தியாவில் டெல்லியிலுள்ள தேசிய மையம் இலவசமாகவே தருகிறது. ஆனால் எண் முறையாக அமைந்திருக்கிறதா என்று பேனாவால் சோதிக்கலாம். 'நேச்சர்' இதழின் எண் 0028-0836. முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 82. அதை 11ஆல் வகுத்தால் மீதி 5. 11இல் 5 போக 6. கடைசி இலக்கமும் 6. கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் கேள்விப்படாத இதழ் வந்தால் மாணவர்களை இப்படிப் போட்டுப் பார்க்கச் சொல்வோம். கணக்கு உதைத்தால் அந்த இதழை இன்னும் உற்றுப் பார்ப்போம்.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜான் வில்லின்ஸ்கி 1998இல் கனடாவில் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்த ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் இலவசம். ஹோஸ்டிங், டொமைன் இரண்டும் நாலைந்து பேர் பங்கு போட்டால் முடிகிற தொகை. ஒவ்வொரு கட்டுரைக்கும் நிரந்தர அடையாளமாகக் கொடுக்கும் டிஓஐ எண்தான் இடிக்கும்: அதைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பில் சின்னப் பதிப்பாளருக்கான ஆண்டுக் கட்டணம் பல வருடங்களாக 275 டாலராக இருந்தது, அதற்கு மேல் ஒவ்வொரு புதுக் கட்டுரைக்கும் ஒரு டாலர். மாணவர்கள் டாலரில் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் கட்டுரையாளரிடம் காசு கேட்கும் யோசனை தலைகாட்டும். நாங்கள் டிஓஐயை விட்டுவிட்டோம். முகவரி மாறாத இணைப்பு போதும்.

பெயர்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது தமிழர்களின் தனித் தலைவலி. எஸ்.ஆர். ரங்கநாதனில் எஸ் என்பது ஊர், சீர்காழியின் பழைய ஆங்கில உச்சரிப்பான ஷியாழி. ஆர் என்பது தந்தை ராமாமிர்தம். அவர் பெயர் ரங்கநாதன் மட்டும்தான். உலக நூலகப் பட்டியல்கள் ரங்கநாதனைக் குடும்பப் பெயர் என்று நினைத்து முன்னால் வைத்தன. தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. இன்றைய மாணவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து எழுதியதில் அப்பா பெயர் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது. கிராஸ்ரெஃப் போன்ற தரவு வடிவங்களில் குடும்பப் பெயர் கட்டாயம். படிவத்தை நிரப்புகிறவர் கடைசிச் சொல்லை அங்கே போட, மகள் செய்த ஆய்வு அப்பா பெயரில் மேற்கோள் ஆகிறது. அண்ணன் தங்கை இருவரும் எழுதினால் இருவரும் ஒரே ஆள். இந்தியப் பெயர்களைப் பட்டியலில் எப்படி எழுதுவது என்று ரங்கநாதன் தன் பட்டியலாக்க விதிகளில் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார், அதைத் தேர்வுக்குப் படித்துவிட்டு இதழில் மறந்துவிடுகிறோம். இப்போது ஒவ்வொரு கட்டுரையாளரையும் நேரடியாகக் கேட்கிறோம்: "உங்களை எந்தப் பெயரால் மேற்கோள் காட்ட வேண்டும்?" அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொன்னவர்கள் குறைவு.

தமிழ்க் கட்டுரைகளில் எழுத்துரு இன்னொரு தலைவலி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்புவார்கள். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. மாற்றியில் போட்டால் ஒற்றுகள் சிதறும். ஒரு மாணவர் முழு வாரம் உட்கார்ந்து யூனிகோடுக்குத் திருத்துவார். தேடுபொறியில் அந்தக் கட்டுரை கிடைப்பது அந்த ஒரு வாரத்தால்தான், ஆனால் எந்தப் பக்கத்திலும் அவர் பெயர் இருக்காது. இப்போது கட்டுரையின் அடியில் போடுகிறோம்.

மறுபடி ஜூனுக்கு வருகிறேன். இதழ் நின்றுபோவது ஒரு துயரம் என்றால், நின்ற இதழ் காணாமலே போவது இன்னொன்று. 2000 முதல் 2019 வரை இணையத்திலிருந்து அடியோடு மறைந்த திறந்தநிலை இதழ்கள் 170க்கும் மேல் என்று ஓர் ஆய்வு கண்டது. எங்களுக்குத் தெரிந்த ஒரு மாணவர் இதழின் டொமைன், ஒருவர் சொந்த அட்டையில் வாங்கியது, புதுப்பிக்காமல் காலாவதியாகி, இப்போது அந்த முகவரியில் ரம்மி விளம்பரம் ஓடுகிறது. அதில் வந்த கட்டுரைகளை மேற்கோள் காட்டியவர்களின் கதி அதோ கதி. இதற்கு இலவச மருந்தே இருக்கிறது: ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸில் நடக்கும் இதழ்களுக்கென்றே ஒரு காப்பக வலையமைப்பு உண்டு, ஐஎஸ்எஸ்என் இருந்தால் இணைத்துவிட்டு ஒரு பெட்டியை டிக் செய்ய வேண்டியதுதான். நான்கு வருடம் எங்களில் யாரும் டிக் செய்யவில்லை. ஒவ்வொருவரும் முந்தைய ஆள் செய்திருப்பார் என்று நினைத்தோம்.

பால் வியாபாரிக்குப் பிறகுதான் விழித்துக்கொண்டோம். மாற்றியவை அதிகமில்லை. எல்லாக் கணக்குகளும் பொது மின்னஞ்சலுக்கு வந்தன. யாருடைய கைப்பேசி எண்ணும் எங்கும் இல்லை. பொறுப்பு ஒப்படைப்பை ஜூனிலிருந்து ஜனவரிக்குத் தள்ளினோம், போகிறவரும் வருகிறவரும் ஒரு வெளியீட்டைச் சேர்ந்து முடிக்கும்படி. மூன்றாவதாக ஒரு நோட்டு. நூலகத்தில் புத்தகம் வந்ததும் எண் போட்டு ஏற்றுகிற அக்செஷன் ரெஜிஸ்டர் போலவே, நீளமாக, காலிகோ அட்டை போட்டு, அவென்யூ ரோட்டில் வாங்கியது. வந்த கட்டுரை ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். ஒரு முறை கொடுத்த எண் மறுபடி யாருக்கும் கிடையாது. அடித்தால் சிவப்பு மையில், கையெழுத்தோடு. கணினியில் எல்லாம் இருக்க நோட்டு எதற்கு என்று சிரித்தவர்கள் உண்டு. பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி முதல் வருடம் முதல் எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம்.

இந்த ஜனவரியில் பொறுப்பேற்றவள் கோலார் தங்கவயல் பெண். மாரிகுப்பம் ரயிலில் தினம் வந்து போகிறவள். ஒப்படைப்பு அன்று நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். ரயிலில் படித்திருப்பாள் போல. ராத்திரி எட்டரைக்குப் போன் வந்தது.

"சார், நாப்பத்தேழாம் நம்பருக்கு எதிர்ல வந்த தேதி மட்டும் இருக்கு. ரிவ்யூவுக்கு அனுப்பினதும் இல்லை, திருப்பி அனுப்பினதும் இல்லை. என்ன ஆச்சு?"

நான் ஆசிரியராக இருந்த வருடம் அது. கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரி நூலகர் அனுப்பிய கட்டுரை, ஓலைச்சுவடிப் பட்டியல்களைப் பற்றியது. ஜூன் மூன்றாம் தேதி வந்திருக்கிறது. யாருமே திறக்கவில்லை.

"நீங்களே அவருக்கு எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்று கேட்டாள். நானே எழுதினேன். இரண்டு வாரம் ஆகிறது, பதில் வரவில்லை. 47ஆம் எண்ணுக்கு எதிரே கடிதம் போன தேதியை அவள் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறாள்.